புடாபெஸ்டில் பிறந்த இருவர், டெல்லியில் இரண்டு கட்டடங்கள்

துவாரகாவில் பழமை என்று கை நீட்டிக் காட்ட அதிகம் இல்லை. பன்னிரண்டாம் செக்டரில், அடுக்குமாடிகளுக்கு நடுவே லோதி காலத்துப் படிக்கிணறு ஒன்று உண்டு. மற்றபடி சாலை, சந்தை, குடியிருப்புச் சங்கம் எல்லாமே ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் எழுந்தவை. வேலைக்காக வந்து இங்கே வீடு வாங்கித் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை நாள் என்றால் கடைத்தெரு, கோயில், ஊருக்கு ஒரு போன். அருங்காட்சியகம் போகலாம் என்ற பேச்சு பெரும்பாலும் ஊரிலிருந்து விருந்தாளி வந்தால்தான் எழுகிறது.

விருந்தாளி இல்லாமலே போய்வர வேண்டிய இடம் அது. 2005 டிசம்பர் 31 அன்று மெட்ரோவின் நீல வழித்தடம் துவாரகாவை எட்டியது. அன்றிலிருந்து ராஜீவ் சௌக் முக்கால் மணி நேரப் பயணம்தான். அங்கே மஞ்சள் வழித்தடத்துக்கு மாறி, சென்ட்ரல் செக்ரட்டேரியட்டில் இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தால் ஜன்பத் சாலையில் தேசிய அருங்காட்சியகம். இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 20 ரூபாய். திங்கட்கிழமை விடுமுறை.

பாரிஸ், லண்டன் போய்வந்தவர்கள் வழக்கமாக ஒன்று கேட்பார்கள்: லூவ்ரில் இருப்பதுபோல் பண்டைக்காலச் சிலைகளும் ஐரோப்பிய ஓவியங்களும் சேர்ந்த இடம் டெல்லியில் உண்டா? ஒரே கூரையின்கீழ் இல்லை. ஜன்பத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகமும், இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடமும் சேர்ந்துதான் அந்தக் கேள்விக்குப் பதில். இரண்டுக்கும் இடையே நடக்கக்கூடிய தூரம். ரெம்ப்ராண்டின் எண்ணெய் ஓவியத்தைத் தேடி வருபவர் ஏமாறுவார். ஐரோப்பாவின் கையும் ஆசியாவின் கையும் ஒரே சுவரில், ஒரே துணியில் எப்படிக் கலந்தன என்று பார்க்க வருபவருக்கு ஒரு நாள் போதாது. அந்தக் கலப்பை டெல்லிக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முக்கியமான இருவர் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர்கள். ஒருவர் ஆரல் ஸ்டைன், பிறந்த ஆண்டு 1862. மற்றவர் அம்ரிதா ஷேர்கில், 1913.

தேசிய அருங்காட்சியகமே ஒரு பயணத்தில் பிறந்ததுதான். 1947-48 குளிர்காலத்தில் லண்டன் ராயல் அகாடமியில் இந்தியக் கலைக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதற்காக நாட்டின் பல அருங்காட்சியகங்களிலிருந்து சிலைகளும் ஓவியங்களும் கப்பலேறின. திரும்பி வந்தவற்றை அப்படியே பிரித்து அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக இருக்கும் கட்டடத்தின் அறைகளில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. அதுவே நிரந்தர அருங்காட்சியகத்துக்கு வித்தாயிற்று. 1949 ஆகஸ்ட் 15 அன்று அதைத் திறந்துவைத்தவர், அந்த மாளிகையில் அப்போது கவர்னர் ஜெனரலாகக் குடியிருந்த ராஜாஜி. இப்போதுள்ள ஜன்பத் கட்டடத்துக்கு 1955இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1960 டிசம்பரில் திறந்துவைத்தவர், திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அப்போது குடியரசுத் துணைத் தலைவர். 1954இல் ஜெய்ப்பூர் ஹவுஸ் கலைக்கூடத்தைத் திறந்ததும் அவர்தான். ஜன்பத் கட்டடத்தின் முதல் இயக்குநர் கிரேஸ் மார்லி அமெரிக்கப் பெண்மணி. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கலை அருங்காட்சியகத்தை உருவாக்கி நடத்திய அனுபவத்தோடு வந்தவர்.

நடுவில் முற்றம் விட்டு, அதைச் சுற்றி வட்டமாக எழுப்பிய கட்டடம். உச்ச நீதிமன்றக் கட்டடத்தை வடிவமைத்த கணேஷ் தேவ்லாலிகர்தான் இதையும் வடிவமைத்தார். உள்ளே போகும் முன்பே தமிழ்நாட்டுக்காரரின் கால் நின்றுவிடும். கும்பகோணத்து மரத்தேர் ஒன்று கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. எண்கோண வடிவம், ஐந்து நிலை, உடம்பெல்லாம் சிற்பப் பலகை. வடம் பிடித்துத் தேர் இழுத்த ஊர்க்காரர்கள்கூட, பலகைகளை இத்தனை அருகில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்திருக்க மாட்டார்கள். தேரோட்டத்தன்று கூட்டமும் அலங்காரத் துணியும் அவற்றை மறைத்துவிடும்.

உள்ளே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. காட்சியில் இருப்பது அதில் ஒரு பகுதிதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைத்தால் கால்வலிதான் மிஞ்சும். நான்கைந்து பொருள்களைத் தேர்ந்துகொண்டு ஒவ்வொன்றின் முன்னும் நேரம் செலவிடுவது நல்லது.

முதலில் ஹரப்பா கூடம். மொகஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த 'நடனப் பெண்' வெண்கலச் சிலையைப் பாடப் புத்தகத்தில் பார்த்தவர்கள் நேரில் திகைப்பார்கள். உயரம் 10.5 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். பாதங்கள் உடைந்துபோயின. இடது கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை வளையல். வலது கையில் நான்கே நான்கு. வலக்கை இடுப்பில், முகவாய் சற்றே நிமிர்ந்து, எதிரே நிற்பவரை எடைபோடும் பார்வை. அதே கூடத்தில் மொகஞ்சதாரோ மணிமாலை ஒன்று. பிரிவினையின்போது தொல்பொருள்களையும் பங்கிட்டார்கள். அந்தப் பங்கீட்டில் மாலையை அறுத்துப் பாதி மணிகளை இந்தியாவுக்கும் பாதியைப் பாகிஸ்தானுக்கும் கொடுத்தார்கள். நாலாயிரம் ஆண்டு மண்ணுக்கடியில் தாங்கிய மாலை, மேலே வந்து கால் நூற்றாண்டுக்குள் இரண்டாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடக்கும் மணிகளைப் பார்க்கும்போது ஆத்திரம் வருவது நியாயமே.

நடனப் பெண்ணை வார்த்த முறைக்கும் சோழர் செப்புத் திருமேனிகளின் முறைக்கும் அடிப்படை ஒன்றுதான். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் பிடித்து, காவிரியின் வண்டல் மண்ணைத்தான் அதன்மேல் பூசுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும். அதனால் ஓர் அச்சுக்கு ஒரு சிலை. இது தெரிந்த பிறகு வெண்கலக் கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே புதுக்கோட்டை மாவட்டம் திருவரங்குளத்து நடராஜர் இருக்கிறார், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு வயது. நாம் பழகிய ஆனந்தத் தாண்டவத்தில் இடது காலைத் தூக்கிக் குறுக்கே வீசியிருப்பார். திருவரங்குளத்தில் தூக்கிய திருவடி கிடையாது. இரண்டு முழங்காலும் மடங்கிப் பக்கவாட்டில் விரிய, சதுர தாண்டவம். சுழற்சியின் வேகம் இல்லாமல், ஆட்டம் தொடங்கும் நொடியின் இறுக்கம் இடுப்பிலும் தொடையிலும் தெரிகிறது.

இப்படிப்பட்ட நடராஜர் வடிவங்களை எல்லாம் தேடித் தொகுத்தவர் சி. சிவராமமூர்த்தி. சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றி, அமராவதிச் சிற்பங்களைப் பற்றிப் பெருநூல் எழுதி, பிறகு இதே தேசிய அருங்காட்சியகத்துக்கு இயக்குநரானார். நடராஜரைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1974இல் வெளிவந்தது. டெல்லித் தமிழர்கள் பெருமையோடு நினைக்க வேண்டிய பெயர். ஏனோ அதிகம் சொல்லப்படுவதில்லை.

இனி ஸ்டைன்.

மத்திய ஆசியத் தொல்பொருள் கூடத்தில் கூட்டம் இருக்காது. பள்ளிக்கூடச் சுற்றுலாக்கள் ஹரப்பாவையும் வாள் கேடயங்களையும் பார்த்துவிட்டு இறங்கிவிடும். இந்தக் கட்டடத்தில் உலகின் வேறு எந்த ஊரும் பொறாமைப்படக்கூடிய தொகுப்பு என்றால் அது இதுதான். ஸ்டைன் வியன்னாவிலும் டுபிங்கனிலும் சமஸ்கிருதம் பயின்று, லாகூருக்கு வேலைக்கு வந்தவர். 1900க்கும் 1916க்கும் இடையே மூன்று பெரும் பயணங்களில் தக்லமகான் பாலைவனத்தின் விளிம்பில் புதைந்துகிடந்த பட்டுப்பாதை ஊர்களைத் தோண்டினார். இரண்டாம் பயணத்துக்கு ஆன செலவில் ஐந்தில் மூன்று பங்கை இந்திய அரசும் இரண்டு பங்கை பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் ஏற்றன. மூன்றாம் பயணச் செலவு முழுக்க இந்திய அரசுடையது. இந்திய வரிப்பணம் போனதால்தான் கிடைத்தவற்றில் கணிசமான பங்கு லண்டனுக்குப் போகாமல் டெல்லியில் தங்கியது.

1907 ஜனவரியில், லோப் பாலைவனத்தின் ஓரத்தில் மிரான் என்ற இடத்தில், ஒரு ஸ்தூபியைச் சுற்றியிருந்த வட்டக் கோயிலின் மணலை அகற்றியபோது சுவரின் கீழ்ப்பகுதியில் முகங்கள் எட்டிப்பார்த்தன. சிறகு முளைத்த இளைஞர்கள். ஸ்டைன் பள்ளியில் படித்த ரோமானியக் கலை, ஆயிரக்கணக்கான மைலுக்கு இப்பால், ஒரு பௌத்தக் கோயிலின் சுவரில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓவியங்களின் காலம் ஏறக்குறைய கி.பி. மூன்றாம் நூற்றாண்டு. அவற்றில் சில பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் சில டெல்லிக்கும் வந்தன.

டெல்லிக்கு வந்த அந்த முகங்களில் ஒன்றின் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பெரிய, அகன்ற கண்கள். புருவமும் இமைக்கோடும் கரிய கோடுகள். ஒரே இழுப்பில் போட்ட கை, தயங்கவே இல்லை. மழித்த தலையின் முன்னால் மட்டும் ஒரு கற்றை முடி. கன்னத்திலும் கழுத்திலும் இளஞ்சிவப்பு நிழல். உருண்டையைக் காட்ட நிழலிடும் அந்தப் பழக்கம் மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்தது. தோளுக்குப் பின்னால் குட்டையான சிறகு. தலை சற்றே ஒருபுறம் சாய்ந்து, பார்வை மட்டும் மேலே; கோயிலை வலம் வந்தவர்களைப் பார்க்க வரைந்தது. பூச்சு பெயர்ந்த இடங்களில் மண்ணும் வைக்கோலும் தெரிகின்றன.

அருகிலிருந்த இன்னொரு கோயிலில் வெஸ்ஸந்தர ஜாதகக் கதை வரையப்பட்டிருந்தது; கேட்டவருக்கு நாட்டின் வெள்ளை யானையையே கொடுத்துவிட்ட இளவரசனின் கதை. அந்த யானையின் காலில் கரோஷ்டி எழுத்தில் ஒரு குறிப்பு. அதில் தித்தா என்ற ஓவியன் பெயரை ஸ்டைன் படித்தார். டைட்டஸ் என்ற ரோமானியப் பெயரின் திரிபு அது என்பது அவர் கணிப்பு. கூலி வாங்கிக்கொண்டு, யானைக் காலில் பெயரெழுதி வைத்த அந்த ஓவியன் ரோமானியக் குடும்பத்தில் வந்தவனோ, காந்தாரத்தில் தொழில் கற்றவனோ, ஊர் ஊராய்ப் போய் வேலை செய்த கலைஞன். அன்று அந்த ஓவியங்களைப் பெயர்த்தெடுக்க நேரமும் கருவியும் போதவில்லை. மணலால் மூடிவிட்டுப் போனார். 1914இல் திரும்பி வந்தபோது, இடையில் யாரோ பக்குவமில்லாமல் பெயர்க்க முயன்றதில் பெரும்பகுதி நொறுங்கிக் கிடந்தது.

துன்ஹுவாங் குகையில் நடந்ததை வைத்து ஸ்டைனைச் சீனாவில் கொள்ளைக்காரராகவே பார்க்கிறார்கள். அடைத்துவைத்த நூலகக் குகைக்குக் காவலாக இருந்த துறவி வாங் யுவான்லூவுக்குச் சொற்பப் பணம் கொடுத்து, ஏடுகளையும் பட்டு ஓவியங்களையும் மூட்டை மூட்டையாக அவர் கொண்டுவந்தது உண்மை. அந்தப் பட்டுப் பதாகைகளில் ஒரு பகுதி டெல்லியில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில் சிலைகள் வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருப்பதைத் தட்டிக் கேட்கும் நாம், இந்தக் கூடத்தில் நிற்கும்போது அதே கேள்வியை நம்மிடமும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். மிரான் கதை வேறு வகை. விட்டுவந்த சுவர் அழிந்தது, எடுத்துவந்தது பிழைத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்தப் பொருள் எப்படி வந்தது என்று காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே விரிவாக எழுதிவைப்பதுதான் நேர்மை. இப்போதுள்ள சிறு குறிப்பட்டைகள் அதற்குப் போதவே போதாது.

மதிய உணவுக்குப் பிறகு கர்த்தவ்ய பாதையின் மரநிழலில் கிழக்கே நடந்தால் இந்தியா கேட் வரும். வட்டத்தின் ஓரத்தில் ஜெய்ப்பூர் ஹவுஸ். 1936இல் ஜெய்ப்பூர் மகாராஜாவுக்காகக் கட்டப்பட்ட, நடுவில் கவிகைமாடமும் இரு பக்கம் சிறகுபோல் விரியும் அமைப்பும் கொண்ட மாளிகை. இங்கும் நுழைவு 20 ரூபாய், திங்கள் விடுமுறை. தொடக்கத்தில் இதைப் பொறுப்பேற்று நடத்தியவர் ஜெர்மன் கலை வரலாற்றாளர் ஹெர்மன் கோயட்ஸ். புல்வெளியில் கால் வைத்ததும் சென்னைக்காரருக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். நான்கு பேர் பாறையை நெம்பும் மெரினாவின் உழைப்பாளர் சிலை, அதே தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் கைவண்ணம், இங்கும் நிற்கிறது. 1930 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக இருந்தவர் அவர். மெரினாவில் சிலை வைக்கப்பட்டது 1959இல்.

உள்ளே பழைய தொகுப்பில், இந்தியாவைத் தேடி வந்த ஐரோப்பிய ஓவியர்கள். 1769இல் சென்னையில் வந்திறங்கிய டில்லி கெட்டில் அவர்களில் ஒருவர். இங்கிலாந்திலிருந்து பிழைப்பு தேடி வந்த, பெயர்பெற்ற முதல் தொழில்முறை ஓவியர். தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1786 முதல் 1793 வரை நாடு முழுக்கச் சுற்றினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரைப் புதுமண்டபத்தையும் மாமல்லபுரத்தையும் அவர்கள் வரைந்து, இங்கிலாந்தில் 144 அச்சுப் படங்களாக வெளியிட்ட வரிசையில் சேர்த்தார்கள். அளவும் கோணமும் பிசகாத கை. வெளிச்சம் மட்டும் எப்போதும் இங்கிலாந்தின் மாலை வெளிச்சம்; தஞ்சாவூர் வெயில் அவர்கள் துணியில் விழவே இல்லை.

எண்ணெய் வண்ணம் நம்மவர் கைக்கு வந்த கதையிலும் ஒரு தமிழர் உண்டு. திருவனந்தபுரம் அரண்மனை ஓவியர் மதுரை ராமசாமி நாயக்கர், இளம் ரவிவர்மாவுக்கு அந்தத் தொழிலைக் கற்றுத்தர மறுத்தார். 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியரும் தாம் வரையும்போது பார்க்க மட்டுமே அனுமதித்தார். பார்த்துப் பார்த்தே கற்றார் ரவிவர்மா.

அம்ரிதா ஷேர்கில்லுக்கு அந்தத் தடை இல்லை. தாய் ஹங்கேரியர், தந்தை சீக்கியர். எட்டு வயதில் சிம்லாவுக்கு வந்து, பதினாறு வயதில் பாரிஸ் போனவர். இந்தக் கலைக்கூடத்தில் அவருடைய ஓவியங்கள் நூற்றுக்கும் மேல். 1932இல் வரைந்த 'இளம் பெண்கள்' அடுத்த ஆண்டே பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. தங்கை இந்திராவும் பிரெஞ்சுத் தோழி ஒருத்தியும் ஓர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். பளபளக்கும் துணி, தோல்மேல் வழியும் ஒளி, முகத்தை மறைத்த கூந்தல். பாரிஸ் கற்றுக்கொடுத்த அத்தனையும் அதில் உண்டு. பத்தொன்பது வயதுப் பெண்ணின் கை என்று நம்ப முடியாது.

அங்கிருந்து சில அடி நடந்து 1937ஆம் ஆண்டு 'பிரம்மச்சாரிகள்' முன் நின்றால் வேறு ஓவியர் என்றே தோன்றும். இடையில் நடந்தது 1936-37 குளிர்காலத் தென்னகப் பயணம். அஜந்தாவைப் பார்த்தார். மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் உட்கார்ந்து பிரதியெடுத்தார். கன்னியாகுமரி வரை போனார். திரும்பியதும் மூன்று பெரும் ஓவியங்கள். அவற்றில் 'பிரம்மச்சாரிகள்', 'மணமகள் அலங்காரம்' இரண்டும் இங்கே. 'பிரம்மச்சாரிகள்' ஓவியத்தில் ஐந்து இளைஞர்கள். வெள்ளை வேட்டி, பூணூல், பின்னால் செம்மண் சிவப்பு. ஐந்து உடம்பும் ஐந்து நிறம். வெளிர் மஞ்சளிலிருந்து கருப்புவரை. பளபளப்பு ஒழிந்துவிட்டது. நிழலால் உருட்டும் பாரிஸ் வித்தையை அடக்கி, அஜந்தாவின் கோட்டை முன்னால் கொண்டுவந்திருக்கிறார். வேட்டியின் வெள்ளையை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குள் நீலமும் மஞ்சளும் சாம்பலும் பட்டைப் பட்டையாக, பிரெஞ்சு ஓவியர் செஸானைப் படித்த கை. 1941 டிசம்பரில் லாகூரில் இறந்தபோது அவருக்கு வயது 28. 2023இல் அவருடைய இன்னொரு 1937 ஓவியம் ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. அதே 1937இன் உச்சமான இரண்டு படைப்புகளை இங்கே யாரும் இடிக்காமல் எவ்வளவு நேரமும் நின்று பார்க்கலாம்.

மிரான் ஓவியன் ரோமானிய நிழலைப் பௌத்தச் சுவருக்குக் கொண்டுபோனான். அம்ரிதா பாரிஸின் நிழலை அஜந்தாவின் கோட்டுக்கு விட்டுக்கொடுத்தார். ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பவருக்கு, இந்தியக் கலை தனி, ஐரோப்பியக் கலை தனி என்ற பள்ளிக்கூடப் பிரிவு நிற்காது. இரண்டு நிறுவனங்களும் மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின்கீழ் இருப்பவை. சிறகு முளைத்த அந்த முகத்தையும் 'பிரம்மச்சாரிகளை'யும் ஒரு பருவம் மட்டும் ஒரே அறையில் எதிரெதிரே தொங்கவிட்டால், அதைப் பார்க்க வேறு நாடுகளிலிருந்தும் வருவார்கள்.

நார்த் பிளாக், சவுத் பிளாக் என்ற மத்தியச் செயலகக் கட்டடங்களை 'யுகே யுகீன் பாரத்' என்ற பெயரில் புதிய தேசிய அருங்காட்சியகமாக மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2024 டிசம்பரில் பிரான்ஸ் நிறுவனம் ஒன்றோடு அதற்கான ஒப்பந்தமும் கையெழுத்தானது. கல்லும் வெண்கலமும் இடமாற்றத்தைத் தாங்கும். மண்ணும் வைக்கோலும் கலந்த பூச்சின்மேல் வரைந்த மிரான் முகங்களுக்கு ஒவ்வொரு அசைவும் ஆபத்து. ஒட்டகத்திலும் குதிரையிலும் பனிமலைக் கணவாய்களைக் கடந்து பிழைத்து வந்தவை அவை. அவற்றைச் சிப்பமிடும் வேலைக்கு அவசரம் காட்டாத கைகள் வேண்டும். வட்டக் கட்டடத்தில் இருக்கும்போதே பார்த்துவிட விரும்புகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். கூடங்களைப் பராமரிப்புக்காக மாறிமாறி மூடுவது உண்டு. துவாரகாவில் ரயிலேறும் முன் தொலைபேசியில் மத்திய ஆசியக் கூடம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு காலை நேரத்தில் கிளம்பலாம்.